நக்கல் புளிக்குமா?

கேள்வி: அமெரிக்காவின் 'டெய்லி ஷோ' 1996 இலிருந்து அரசியல்வாதிகளை நக்கல் அடிக்குது. இன்னுமா புளிக்கல்ல?
– வாசகர், காத்தான்குடி

பதில்: நக்கலுக்குச் சரக்கு அரசியல்வாதிகளின் உபயம். அது தீராது. நம் இலங்கையையே பாருங்கள்: 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியது. மட்டக்களப்பின் படுவான்கரை விவசாயி தலையில் கைவைத்த பிறகு நவம்பரில் தடையை நீக்கியது. இப்படியொரு நாடகத்தை எந்த நகைச்சுவை எழுத்தாளர் எழுதுவார்?

யாரைக் கடிக்கப் போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால்தான் புளிப்பு. அப்போது சிரிப்பு நின்று கைதட்டல் மட்டும் மிஞ்சும்.

'டெய்லி ஷோ'வை விட்டு 2015 இல் விலகிய தொகுப்பாளர் ஜோன் ஸ்டுவர்ட், 2024 பெப்ரவரியில் திங்கட்கிழமைகளுக்கு மட்டும் திரும்பி வந்தார். வந்த அன்றே ட்ரம்பின் வயதோடு பைடனின் வயதையும் கிண்டினார். சொந்த ரசிகர்களிலேயே பலர் முகம் சுளித்தார்கள். ஆக, சரக்கு இன்னும் கெடவில்லை! நம்மூர் 'சிரித்திரன்' இதழின் கேலிச்சித்திரக்காரர் சுந்தர் படைத்த சவாரித் தம்பர் அலுக்காததும் சொந்த ஊரையே கிண்டியதால்தான்.

நிகழ்ச்சிக்கு அமைச்சரே வந்து பொன்னாடை போர்த்தினால், அன்றோடு மூடிவிடலாம்.