குச்சிக்காரர் எதற்கு?

கேள்வி: இளையராஜாவின் லண்டன் சிம்பொனியில் ஒருவர் குச்சியை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றாராமே! அவர் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?
- ஒரு வாசகர், மங்களூர் (விருத்தாசலம் வழி)

பதில்: 2025 மார்ச் 8 அன்று அப்படி நின்றவர் மிக்கேல் டாம்ஸ். வயலின்காரர் முன்னால் வயலினுக்கான வரிகள் மட்டும்தான் இருக்கும். டிரம்பெட்காரர் பாதி நேரம் சும்மா உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பார். எல்லோருடைய பங்கும் சேர்ந்த நோட்டுப் புத்தகம் குச்சிக்காரரிடம்தான். அவருடைய நிஜமான வேலை ஒத்திகையிலேயே முக்கால்வாசி முடிந்துவிடும். மேடையில் நாம் பார்ப்பது மிச்சம்.

அவரில்லாமலும் முடியும். ‘முதலாளி எதற்கு?’ என்று மாஸ்கோவில் 1922-ல் பெர்சிம்ஃபான்ஸ் என்ற குழுவே தொடங்கினார்கள். ஒருவரையொருவர் பார்க்க வட்டமாக உட்கார்ந்து வாசித்தார்கள். ஆனால் எதற்கெடுத்தாலும் விவாதம், ஒத்திகைக்கு மேல் ஒத்திகை. பத்தே வருடம்தான் ஓடியது. நியூயார்க்கின் ஆர்ஃபியஸ் குழு 1972-ல் தொடங்கியது. குச்சி இல்லாமலே பேர் வாங்கியது. ஆள் குறைவு என்பதால் கண்ஜாடை போதும். உங்கள் ஊர்த் திருவிழா நையாண்டி மேளத்துக்கு யார் குச்சி ஆட்டுகிறார்கள்? தவில்காரர் ஒரு பார்வை பார்த்தால் நாதஸ்வரக்காரருக்குப் புரிந்துவிடுகிறது.

இன்னொன்று, குச்சி ஆட்டுவது ஆபத்தான உத்தியோகமும்கூட. பிரான்ஸ் நாட்டு லுல்லி கனமான தடியைத் தரையில் தட்டித் தாளம் போட்டவர். ஒருநாள் தன் கால் விரலிலேயே போட்டுக்கொண்டார். புண் அழுகி 1687-ல் இறந்தே போனார். நம் வித்வான்கள் தொடையைத் தட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், புத்திசாலிகள்!