வெளிச்சத்தைக் குறைக்க ஒரு செலவு

நேற்று சாயங்காலம் சம்பந்தி வீட்டார் காப்பி டம்ளரைக் கையில் எடுத்த நேரம், ஹால் மஞ்சளிலிருந்து வெள்ளைக்குத் தாவியது. ஒரு வாய் குடிப்பதற்குள் நீலம் பாய்ந்த வெள்ளை. சம்பந்தியம்மா முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "ஏனுங்க, நோம்பிக்குப் போட்ட சீரியல் லைட்டுங்களா?" என்றார். இந்த விளக்குக் கதையை இனிமேல் வீடு கட்டுகிறவர்களுக்காவது சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஹால் 20 அடிக்கு 16 அடி. அதில் இருந்தது 2 டியூப்லைட். 80 வாட்ஸ், சோக்கையும் சேர்த்தால் 100 என்று வையுங்கள். அதில் பேப்பர் படித்தோம், அரிசியில் கல் பொறுக்கினோம், பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பெண்ணும் தெரிந்தது. ஃபால்ஸ் சீலிங் போட வந்த தம்பி பென்சிலை எடுத்து 16 வட்டம் போட்டார். ஒவ்வொன்றுக்கும் 12 வாட்ஸ் எல்.ஈ.டி. "கரண்டு மிச்சமுங்கண்ணா." 16 பன்னிரண்டு 192. மிச்சம் பிடிக்கப் போன இடத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கண் கூசுதே தம்பி என்றால், "அதுக்குத்தானுங்க டிம்மர்" என்கிறார். கூடுதல் வெளிச்சத்துக்கு ஒரு விலை, அதைக் குறைக்க இன்னொரு விலை.

கடையில், "எந்தக் கலருங்க?" என்றார்கள். அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருக்கக் கூடாது. 30 வருஷம் திருப்பூரில் ஷேடு பார்த்த கண். லைட் பாக்ஸில் டி65 வெளிச்சத்தில் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டி நிற்கிற இரண்டு துணி, டி.எல்.84-க்கு மாற்றினால் பங்காளிகளாகிவிடும். அதனாலேயே லாட் லாட்டாகத் திரும்பி வந்ததைப் பார்த்தவன். 3000 கெல்வினில் என் வெள்ளை வேட்டி சாயப்பட்டறைப் பக்கம் போய்வந்த மாதிரி இருந்தது. 6500-இல் செக்கிங் டேபிளில் சாப்பிட உட்கார்ந்த மாதிரி. தோசையில் நீடில் லைன் தேட ஆரம்பித்துவிடுவேன். 4000 போகட்டும் என்றால், வீட்டில், "ஆஸ்பத்திரியாட்டம் இருக்குதுங்க." கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "மூணும் ஒண்ணுலயே வருதுங்க, அணைச்சுப் போட்டாக் கலரு மாறிக்கும்" என்றார். அங்கேதான் விழுந்தேன்.

ஆனி, ஆடியில் உடுமலைக் காற்று எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வருகிற காற்று, பூளவாடி, குடிமங்கலம் பக்கம் காற்றாலை சுற்றி ஊருக்கெல்லாம் கரண்டு கொடுக்கிறது. அதே காற்றுதான் தென்னை மட்டையைக் கம்பியில் உரசவிட்டு என் வீட்டுக் கரண்டைக் கண்சிமிட்ட வைக்கிறது. கரண்டு சிமிட்டினால் அந்த விளக்குக்கு, 'அடுத்த கலர்' என்று அர்த்தம். 16-ம் ஒழுங்காக மாறினாலாவது பரவாயில்லை. 11 மஞ்சளுக்குப் போகும், 3 வெள்ளையிலேயே நிற்கும், 2 நீலத்தில் முறைத்துக்கொண்டிருக்கும். வரிசைப்படுத்தலாம் என்று சுவிட்சை அணைத்துப் போட்டால் எல்லாமே ஒரு படி நகரும். பின்தங்கியது பின்தங்கியேதான் நிற்கும். மறுபடி போட்டால் மறுபடி. அண்ணாந்து பார்த்துக்கொண்டு சுவிட்சைத் தட்டித் தட்டி ஒரு ராத்திரி ஒன்பதரை மணி ஆகிவிட்டது. பேரன் பக்கத்தில் நின்று, "அப்புச்சி, மூலையில ஒண்ணு இன்னும் வரல" என்று அட்டெண்டன்ஸ் எடுக்கிறான். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று, "விசேஷமுங்களா?" என்கிறார். இப்போதெல்லாம் காற்று எத்தனை தடவை அடித்தது என்பதை ஹாலின் நிறத்தை வைத்தே வீட்டில் சொல்லிவிடுகிறார்கள்.

டிம்மரா? அதையும் மாட்டினோம். குண்டு பல்புக்குச் செய்த திருகு அது. எல்.ஈ.டி.க்குள் இருக்கிற டிரைவருக்கும் அதற்கும் ஒத்துவரவில்லை. பாதிக்குக் கீழே திருகினால் விளக்கு வெடவெடவென்று நடுங்கி, 'ங்ங்ங்' என்று முனகுகிறது. "டிம்மருக்குத் தோதான டிரைவர் இருக்கற லைட்டான்னு வாங்கறப்பவே கேட்டிருக்கோணுமுங்க" என்றார் எலக்ட்ரீசியன், கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு. என் அப்பாரு வீட்டில் ஜீரோ வாட்ஸ் பல்பு ஒன்று இருந்தது. பேர்தான் ஜீரோ, தின்றதென்னவோ 15 வாட்ஸ். ஆனாலும் அது நடுங்கவில்லை, முனகவில்லை.

இன்று காலை ஏணி போட்டு 12 விளக்கைக் கழற்றிவிட்டேன். ஓட்டை வழியாகப் பல்லி எட்டிப் பார்க்கிறது. மீதி 4, மொத்தம் 48 வாட்ஸ், பேப்பர் நன்றாகவே படிக்க முடிகிறது. டிம்மர் திருகில் வண்டிச் சாவி தொங்குகிறது. கழற்றியதெல்லாம் அட்டைப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. உடுமலைப் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். காற்றடிக்காத நாளாகப் பார்த்து வாருங்கள்.