ஊர் வந்ததும் முடிந்த படம்

‘ரீமேக்’ என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், மாமா டீ கிளாஸை பெஞ்சில் வைத்துவிடுவார். உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். அவரையும் மாமா என்றுதான் கூப்பிடுவீர்கள்.

“பழசு மாதிரி வராது மாப்ளே.”

தீர்ப்பு அவ்வளவுதான். படம் வந்துவிட்டதா, இல்லை பூஜை மட்டும்தான் போட்டிருக்கிறார்களா என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

2007-இல் அஜித்தின் ‘பில்லா’ வந்தபோது, “ரஜினி நடந்து வந்தாரு. இவரு நடந்துகிட்டே இருக்காரு, வந்து சேரக் காணோம்” என்றார். மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டே சிரித்தது. நான் மட்டும் அடங்காமல், 1980-இல் வந்த ரஜினி ‘பில்லா’வே ரீமேக்தான், அமிதாப் நடித்த ‘டான்’ 1978-லேயே வந்துவிட்டது என்றேன். மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “தேதியெல்லாம் பின்னாடி மாத்திப் போட்டிருப்பானுங்க.”

இந்த அறிவெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் பல வருஷம் புரியவில்லை. மாமா தியேட்டருக்குப் போவதில்லை; காசு கொடுத்துப் படம் பார்க்கிறவன் ஏமாளி என்பது அவர் கட்சி. வீட்டு டிவி அத்தையின் சீரியல்களுக்குப் பட்டா போட்டுக் கொடுத்தது. தருமபுரியிலிருந்து ஒருநாள் அவரோடு ஒரே பஸ்ஸில் திரும்பியபோதுதான் சங்கதி விளங்கியது. டிரைவர் தலைக்கு மேலே ஒரு டிவி. வண்டி கிளம்பியதும் படம் போட்டார்கள். மாமா கண் கொட்டாமல் பார்த்தார். பாலக்கோட்டில் கூட்டம் ஏறி ஒரு கூடைக்காரம்மா மறைத்தபோது, தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். மாரண்டஹள்ளி வந்தது. வண்டி நின்றது, டிவியும் நின்றது. கதாநாயகன் ஓங்கிய கை ஓங்கியபடியே போயிற்று. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “சுமார்தான்” என்று இறங்கினார்.

தருமபுரிக்கும் மாரண்டஹள்ளிக்கும் நடுவே உள்ள தூரம் எந்தத் தமிழ்ப் படத்தையும்விடக் குட்டை. மாமா வாரத்தில் நாலு நாள் போய் வருகிறவர். போகும்போது ஒரு படத்தின் முன்பாதி, வரும்போது இன்னொரு படத்தின் முன்பாதி. இப்படி நூற்றுக்கணக்கான படங்களின் முன்பாதியைக் கரைத்துக் குடித்தவர் இந்த மாவட்டத்திலேயே வேறு யாரும் இருக்க மாட்டார்கள். அவரைக் குறை சொல்லவும் முடியாது. தொழில் தக்காளி மண்டி. பெட்டியில் மேலாக இருக்கும் ரெண்டு பழத்தை அமுக்கிப் பார்த்து மொத்தப் பெட்டிக்கும் விலை சொல்கிற கை அது.

ஆனால் இடைவேளைக்குப் பிறகு தமிழ் சினிமாவில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. 1981-இல் பாலசந்தர் எடுத்த ‘தில்லு முல்லு’வின் கடைசியில் கமல் வக்கீலாக வந்து போவார். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. “கமலா? ரஜினி படம்யா அது! நான் பத்து தடவை பாத்திருக்கேன்.” பத்து தடவையும் முன்பாதி. சிவா நடித்து 2013-இல் அதை மறுபடி எடுத்தபோது, “ஒரிஜினலைக் கெடுத்துட்டானுங்க” என்று ஒரு வாரம் துக்கம் காத்தார். அந்த ஒரிஜினலுக்கும் ‘கோல்மால்’ என்று இந்தியில் ஒரு ஒரிஜினல் உண்டு. ‘பில்லா’ அனுபவம் இருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை.

உச்சம் ‘சந்திரமுகி’. 2005-இல் வந்து, சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாளுக்கு மேல் ஓடிய படம். அத்தனை நாளில் ஒருநாள்கூட மாமாவுக்குப் பின்பாதி வாய்க்கவில்லை. “நயன்தாரா என்னமா பேயா நடிச்சிருக்கு! ஜோதிகாதான் பாவம், அந்தப் பொண்ணுக்குப் படத்துல வேலையே இல்லை” என்று இருபது வருஷமாகச் சொல்லிவருகிறார். எல்லை ஊர்க்காரர் என்பதால் கன்னட ‘ஆப்தமித்ரா’விலும் அவருக்கு அபிப்பிராயம் உண்டு, ‘சந்திரமுகி’ எடுத்த அதே பி. வாசு ஒரு வருஷம் முன்னால் எடுத்தது. “சௌந்தர்யாவைச் சும்மா ஊறுகாய் மாதிரி வச்சிருக்கான்.” இரண்டுக்கும் மூலமான ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தில் இதே வேஷத்துக்குத்தான் ஷோபனா தேசிய விருது வாங்கினார் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். “வேலையே இல்லாததுக்கு விருதா? மலையாளத்தான் எப்பவுமே அப்படித்தான்.”

இதுவரை சிரிப்பு. ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அவர் மேல் நிஜமாகவே கோபம். பார்க்காத முடிவை ‘தெரியாது’ என்று அவர் சொல்லித் தொலைப்பதில்லை; சொந்தமாக ஒன்று செய்து கொடுத்துவிடுவார். ‘பாபநாசம்’ டிவியில் வந்த அன்று அம்மா வேலையெல்லாம் முடித்து, முறுக்குத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். மாமா வாசலில் நின்றபடியே, “கமலைப் பிடிச்சு உள்ள போட்டுடுவாங்கக்கா, குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துரும்” என்றார். அழுகைப் படம் அம்மாவுக்கு ஆகாது. எழுந்து போனவள் இன்றுவரை அதைப் பார்க்கவில்லை. எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. “அவன் பாத்துட்டுத்தானே சொல்றான்?” என்கிறாள்.

பிறகு பஸ்ஸில் டிவி கெட்டுப்போனது. சரிசெய்ய யாருக்கும் தோன்றவில்லை, எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது. மாமா கணக்கில் தமிழ் சினிமா கெட்டுப்போனதும் அந்த வருஷம்தான்.

போன தீபாவளிக்கு அவரைப் பிடித்து எங்கள் வீட்டில் உட்கார வைத்தேன். ‘சந்திரமுகி’, முழுப்படம். சரியாக அந்த நேரம் வந்ததும் கை தானாகத் துண்டைத் தேடியது. தோளை அமுக்கி உட்கார வைத்தேன். ஜோதிகா ஒற்றைக் கையில் கட்டிலைத் தூக்கினார். மாமாவின் வாய் கொஞ்சமாகத் திறந்தது. கடைசி நடனத்தின்போது அவர் கண் கலங்கியதை நானும் பார்த்தேன், அம்மாவும் பார்த்தாள். பெயர் ஓடி முடியும்வரை அசையவில்லை.

“எப்படி மாமா?”

முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நல்லாத்தான் எடுத்திருக்கான். ஆனா கதையை மாத்திட்டானுங்களே மாப்ளே. நம்ம பஸ்ஸுல போட்டதுதான் ஒரிஜினல்.”