அரை மணி நேர ஃபாரின்

அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்தவரிடம் "இப்போ அங்கே மணி என்ன?" என்று கேட்டால், நம் பட்டப்பகல் அங்கே நடுராத்திரியாகிவிடும். கேட்டவருக்கும் ஒரு திருப்தி. மாலத்தீவில் வாத்தியாராக இருக்கும் சாரிடம் கேட்டால் "நம்மளவிட அரை மணி கம்மி" என்பார். கேட்டவர் முகம் சுருங்கிவிடும். பூந்தமல்லி டிராஃபிக்கில் மாட்டினாலே அரை மணி போய்விடுகிறது, இதற்கு ஒரு பாஸ்போர்ட்டா?

திருமழிசையில் இப்படி ஒரு சாரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். நெடுஞ்சாலையோரத் தனியார் பள்ளியில் கிராமர் நடத்தி, வேன் டியூட்டி பார்த்து, ஆண்டு விழாவில் மைக் பிடித்து, சம்பள உயர்வு கேட்டபோது 'சிறந்த ஆசிரியர்' கேடயம் வாங்கியவர். முதலில் தென் கொரியாவுக்குத்தான் ஆசைப்பட்டார். அங்கே ஆங்கிலம் கற்பிக்கும் விசா பெரும்பாலும் ஏழு நாட்டு பாஸ்போர்ட்டுக்குத்தான் என்று பிறகுதான் தெரிந்தது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. ஷேக்ஸ்பியரைக் கரைத்துக் குடித்தாலும், குடித்த ஊர் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டுமாம்.

மாலத்தீவு அப்படியெல்லாம் பார்ப்பதில்லை. பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். பத்தாம் வகுப்பு முடிந்தால் கேம்பிரிட்ஜ் தேர்வு. ஆள் தேவை. நம்மூர்க்காரர்களும் மலையாளிகளும் காலங்காலமாகப் போய் வருகிற இடம். இந்த ஊரில் பிறந்த திருமழிசை ஆழ்வார் காஞ்சிபுரத்தை விட்டுக் கிளம்பியபோது, பெருமாளே பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனாராம். நம்ம சார் கிளம்பியபோது வீட்டுக் கடன் தவணை பின்னால் போனது.

லீவுக்கு ஊர் வந்தால் டீக்கடையில் தொல்லை வேறு விதம். "இன்னா சார், சினிமா ஸ்டாருங்க ஹனிமூன் போற ஊர்லயே வேலையா! குடுத்து வச்சவரு சார் நீ" என்பார் மாஸ்டர். தண்ணீருக்கு மேல் கட்டிய மர வீடு, காலடியில் கண்ணாடித் தரை, கீழே கலர் மீன் என்று அவர் கண்ணில் படமே ஓடும். சார் மறுக்க மாட்டார். மெதுவாக ஒரு வாய் டீ உறிஞ்சிவிட்டுச் சிரிப்பார். ரிசார்ட்டுக்குத் தனித் தீவு, ஜனங்களுக்குத் தனித் தீவு என்பதையோ, பேர்பெற்ற ரிசார்ட்டின் ஒரு ராத்திரி வாடகை தன் மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும் என்பதையோ டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடியுமா?

அவர் இருக்கும் தீவு, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சுற்று நடந்தால் முடிந்துவிடும். அந்த ஒரு சுற்றுக்குள் ஹெட்மாஸ்டர், மளிகைக்கடைக்காரர், முந்தாநாள் ஃபெயில் போட்ட பையனின் அப்பா என்று மூவருக்கும் வணக்கம் வைத்தாக வேண்டும். இரண்டாவது சுற்று போனால் மறுபடியும் அதே மூவர். காய்கறி படகில் வந்தால் உண்டு. காலையில் சூரை மீனும் தேங்காய்த் துருவலும் பிசைந்த மாஸ் ஹுனி, மதியம் அதே சூரையில் தெளிந்த ரசம் மாதிரி கருதியா. கத்தரிக்காய் ஏக்கம் முற்றும்போது ஸ்டாஃப் ரூமில் ஊர்ப் பெருமை புறப்படும்: "2020ல கோயம்பேடு மார்க்கெட்டே எங்க ஊருக்குத்தான் வந்துச்சு, தெரியுமா?" கொரோனா கொண்டுவந்து விட்டது என்பதை மட்டும் சொல்ல மாட்டார். அங்கே திருமழிசையைப் புகழ்வதும், இங்கே வந்தால் "எங்க தீவுல லாரிச் சத்தமே கிடையாது" என்பதும் அவர் வழக்கம். இரண்டு ஊரிலும் இல்லாதபோதுதான் இரண்டும் அவருக்குச் சொர்க்கம்.

வகுப்பறைதான் பெரிய சோதனை. திவேஹி மொழியை வலமிருந்து இடமாக எழுதும் பிள்ளைகள், யூடியூப் பார்த்தே அமெரிக்கர் மாதிரி ஆங்கிலம் பேசுகின்றன. இவர் ரென் அண்ட் மார்ட்டினில் கற்ற ஆங்கிலத்தில் 'ஷெட்யூல்' என்பார். கடைசி பெஞ்சிலிருந்து "ஸ்கெட்யூல், சார்" என்று பணிவாகத் திருத்தம் வரும்.

அங்கே வார விடுமுறை வெள்ளி, சனி. லீவில் வந்திருக்கும்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, அயர்ன் பண்ணிய சட்டையை மாட்டிக்கொண்டு ஹாலில் வந்து நிற்பார். "ஏங்க, கழட்டி வச்சிட்டு மட்டன் வாங்கிட்டு வாங்க" என்று உள்ளிருந்து குரல் வரும்.

கறிக்கடை க்யூவில் எதிர்வீட்டுக்காரர் பிடித்துக்கொள்வார். "சார், நம்ம தம்பியும் பி.எட். முடிச்சிட்டான். அங்க ஏதாவது பார்த்துச் சொல்லுங்களேன்." சார் சர்டிஃபிகேட் கேட்க மாட்டார், அனுபவம் கேட்க மாட்டார்.

"மீன் சாப்பிடுவானா?"

"முட்டை வரைக்கும் சாப்பிடுவான் சார்."

"ஊறுகாய்க்குன்னே தனியா ஒரு பெட்டி வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, அரைக் கிலோ கறிக்குக் கை நீட்டுவார்.