பழி சுமக்கும் பெட்டி

இக்காலத்துக் கேமராக்களின் மீது எனக்குள்ள மனஸ்தாபம் ஒன்றுதான்: அவை தவறே செய்வதில்லை. வெளிச்சத்தைத் தாமே அளந்து, தூரத்தைத் தாமே நிதானித்து, கை நடுங்கினால் அதையும் தாமே சரிக்கட்டிக்கொள்ளும் ஒரு யந்திரத்தால் எடுத்த படத்தில் நம் சித்தியின் தலை பாதி வெட்டுண்டு கிடக்குமானால், அந்தப் பாதகத்தை எடுத்தவன் தலையில் கட்டுவதைத் தவிர உலகத்துக்கு வேறு மார்க்கம் இல்லாமல் போகிறது. பழைய பிலிம் கேமராவில் இந்தச் சங்கடம் கிடையாது. அங்கே பழியானது கேமரா, பிலிம், பிலிமைக் கழுவிக் கொடுத்த ஆள் என்று மூன்று பங்காளிகளுக்குள் பாகப்பிரிவினை ஆகி, எடுத்தவன் பங்குக்கு வரும்போது அநேகமாக ஒன்றும் மிஞ்சுவதில்லை. வாலிபப் பிள்ளைகளெல்லாம் தாத்தா காலத்துக் கேமராவைத் தேடி அலைவதற்குக் காரணம் கலையார்வம் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. என் அபிப்பிராயம் வேறு.

என்னிடம் இருப்பது 1960-களின் பிற்பகுதியில் ஜப்பானில் தயாரான ஓர் எஸ்.எல்.ஆர். கேமரா. கம்பெனியின் பெயரைச் சொல்லமாட்டேன். அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்த ஒரு ஜீவனின் வியாதிகளை ஊரறியச் சொல்லி அதன் பிறந்த வீட்டுக்கு அவப்பெயர் தேடித் தருவது தர்மமல்ல. முதுகுக் கதவின் ஓரங்களில் வெளிச்சம் புகாதிருக்கும்பொருட்டு வைத்திருந்த கறுப்பு ஸ்பாஞ்சு, காலக்கிரமத்தில் ஸ்பாஞ்சு என்ற நிலையைத் துறந்து ஒருவிதத் தாராக மாறியிருந்தது. அது விரலிலிருந்து சட்டைக்கும், சட்டையிலிருந்து கூடவே சலவைக்குப் போன மற்றத் துணிகளுக்கும் பரவிய வரலாற்றைக் குறித்து என் மனைவி இன்றளவும் உபந்நியாசம் செய்துவருகிறாள். ஈர்க்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் தோய்த்து, அந்தப் பிசினைச் சிறிது சிறிதாகச் சுரண்டி எடுத்துவிட்டு, பள்ளத்தில் கறுப்புக் கம்பளி நூலைப் பதித்து ஒட்டினால் வெளிச்சம் அடைபடும். ஆனால் உள்ளே கண்ணாடி எழும்பி மோதுகிற இடத்திலும் அதே ஸ்பாஞ்சு உண்டு. அதுவும் தாராகிவிட்டால், மேலே போன கண்ணாடி அங்கேயே ஒட்டிக்கொண்டு, இறங்கமாட்டேன் என்று சத்தியாக்கிரகம் செய்யும்.

இந்த மாதிரி உபாதைகளுக்குத் திருவல்லிக்கேணியில் ஒரு மாடிப்படியின் கீழ் கடை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரிடம் போவது என் வழக்கம். அவர் பின்கதவைத் திறந்து, லென்ஸைத் தெரு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஷட்டரை ஒவ்வொரு வேகத்திலும் அமுக்கிக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால்தான் அதிகம் கேட்பார். ஒரு வினாடி என்று வைத்த இடத்தில் அது 'ர்ர்ர்' என்று இழுத்து, நடுவில் ஏதோ யோசித்து, பிறகு மனமில்லாமல் மூடினால், பற்சக்கரங்களில் இட்ட கிரீஸ் இறுகிப்போனதென்று அர்த்தம். பரிசோதனை முடிந்ததும் ஒவ்வொரு தடவையும் ஒரே உபதேசம்: "சார், கேமரா பழசா இருந்தா பிலிம் புதுசா போடுங்க. பிலிம் பழசா இருந்தா நல்லா ஓடுற கேமராவில போடுங்க. ரெண்டும் பழசா இருந்தா நாளைக்கு யாரைப் போய்க் கேட்கிறது?" யாரையும் கேட்க முடியாத அந்த நிலைதான் எனக்கு வேண்டியது என்பதை அவரிடம் நான் வெளியிட்டதில்லை.

கழுவி வந்த நெகட்டிவைப் படிப்பது தனி சாஸ்திரம். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவல்களில் ஊறியவர்களுக்கு அது எளிதில் சித்திக்கும். ரோல் முழுவதும் படமே இல்லாமல் வெறிச்சென்று வந்தால் முதலில் பார்க்கவேண்டியது ஓரத்தை. பிலிமின் ஓரத்தில் ஆலையிலேயே வெளிச்சத்தால் பதித்துவிடும் எண்களும் எழுத்துகளும் உண்டு. அவை கறுகறுவென்று தெரிந்தால் கழுவினவர் நிரபராதி. ஒன்று பிலிம் உள்ளே நகரவில்லை, அல்லது ஷட்டர் திறக்கவில்லை. அந்த எண்களையும் காணோமென்றால் கழுவும் மருந்தில்தான் தோஷம். குறுக்கே விழுந்த வெளிச்சக் கீற்று படத்தின் எல்லையைத் தாண்டி ஓரத்துளைகள் வரையில் போயிருந்தால் கேமராவின் முதுகில் ஓட்டை. எல்லைக்குள்ளேயே அடங்கி நின்றால் அது லென்ஸும் ஷட்டரும் சம்பந்தப்பட்ட விவகாரம். எல்லாப் படங்களிலும் இல்லாமல் ஒன்றிரண்டில் மட்டும் கீற்று விழுந்திருந்தால், அந்தப் படங்கள் உள்ளே காத்திருந்த வேளையில் கேமராவை யாரோ வெயிலில் வைத்திருக்கிறார்கள். யார் வைத்தது என்பது மட்டும் நெகட்டிவில் பதிவதில்லை. சாஸ்திரத்தின் கருணை என்று இதைத்தான் சொல்லவேண்டும்.

இனிக் காலாவதியான பிலிமுக்கு வருவோம். உறையில் அச்சிட்ட தேதி கடந்து பத்து வருஷத்துக்கு ஒரு ஸ்டாப் வீதம், அதாவது ஒவ்வொரு பத்துக்கும் இரட்டிப்பு வெளிச்சம், கூட்டிக் கொடுக்கவேண்டும் என்பது இந்த மதத்தாரின் மூல சூத்திரம். கறுப்பு வெள்ளைப் பிலிம் ஓரளவு பொறுமைசாலி. வேகம் அதிகமுள்ள பிலிமோ அற்பாயுசு. உஷ்ணம் பட்டால் அடித்தளமே மூட்டம் போட்டுக்கொள்ளும். கலர் பிலிமில் வெவ்வேறு நிறத்துக்கு வெவ்வேறு படலம் இருப்பதாலும், அவை யாவும் ஒரே சீராக மூப்படையாததாலும், மாப்பிள்ளையின் பட்டு வேஷ்டி ரோஜா நிறத்திலும், மணப்பெண்ணின் முகம் காமாலை கண்டதுபோலவும் வந்து சேர்வதுண்டு. அந்தக் காமாலைக்காகவே புது பிலிமைக் காட்டிலும் அதிக விலை கொடுத்துப் பழைய ரோல் வாங்கும் ரசிகர்களை எனக்குத் தெரியும். அவர்களை நான் பரிகசிக்கமாட்டேன். தோஷத்தை முன்கூட்டியே விலை கொடுத்து வாங்கிவிடுகிறவனை விமர்சகனால் என்ன செய்யமுடியும்?

எவ்வளவு பழைய பிலிம் வரையில் தேறும் என்று கேட்பவர்களுக்கு இந்த மதத்தார் தவறாமல் எடுத்துச் சொல்லும் புராணம், ஸ்வீடன் தேசத்து ஆந்த்ரே என்பவர் 1897-இல் இரண்டு தோழர்களுடன் வடதுருவத்துக்குப் பலூனில் கிளம்பிய கதை. பலூன் பனியில் இறங்கிவிட்டது, மூவரும் திரும்பவில்லை. 1930-இல் வெண் தீவு என்னும் இடத்தில் அவர்களுடைய எச்சங்களோடு பிலிம்களும் அகப்பட்டன. ஸ்டாக்ஹோமில் ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் என்பவர் அவற்றைப் பக்குவமாகக் கழுவி, சுமார் 240 படங்களில் 93-ஐ மீட்டார். முப்பத்துமூன்று வருஷம்! கேட்டால் மயிர்க்கூச்செறியும், ஆனால் வெண் தீவின் பனி செய்த உபகாரத்தைச் சென்னையின் கத்திரி வெயில் செய்யும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. உதகமண்டலத்தில் 1960-இல் ஸ்தாபிதமாகி 1967-இல் உற்பத்தி தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற சர்க்கார் ஆலை, மலைக்குளிரில் அருமையாக வளர்த்து அனுப்பிய 'இந்து' பிலிமை, நம் சமவெளி ஸ்டூடியோக்காரர்கள் தகரக் கூரையின் கீழ் அலமாரி உச்சியில் ஏற்றி வைத்தார்கள். அதற்கு மேல் அந்த மலை என்ன செய்யும்?

என் மாமனாருக்கு எண்பது வயது பூர்த்தியானபோது குடும்பம் முழுவதையும் திண்ணையில் உட்காரவைத்து ஒரு குரூப் போட்டோ எடுக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. கேமராவில் இருந்ததோ 1994-இல் காலாவதியான கறுப்பு வெள்ளை ரோல். உறையில் 100 ஏ.எஸ்.ஏ.; சூத்திரப்படி மூன்று ஸ்டாப் தள்ளினால் 12-க்குக் கொஞ்சம் கூட. திண்ணை நிழலுக்கு எஃப் 8-இல் கால் வினாடி வேண்டும் என்று என் உத்தேசம். அதை ஊர்ஜிதம் செய்ய கேமராவின் மீட்டருக்குப் பேட்டரி இல்லை. அந்த மீட்டர் 1.35 வோல்ட் கொடுக்கும் பாதரசப் பேட்டரிக்காகப் பிறந்தது; பாதரசம் விஷம் என்று தேசங்கள் அதை விலக்கிவிட்டன. கடையில் கிடைக்கும் ஒன்றரை வோல்ட் பேட்டரியைப் போட்டாலோ, மீட்டர் உற்சாகம் மிகுந்து, இல்லாத வெளிச்சத்தையெல்லாம் இருக்கிறதென்று சொல்லும். பழைய பாதரசத்துக்கு ஏறக்குறைய சமமான வோல்ட்டில் எளிதில் கிடைப்பது செவிக்கருவிக்குப் போடும் 675 என்ற பேட்டரிதான். அட்டைக்கு ஆறு, முதுகில் நீலநிற வால் ஒட்டியிருக்கும், வாலை உரித்தால் துளை வழியாகக் காற்றுப் புகுந்து உயிர் வரும். அளவில் சற்றுச் சிறியதாகையால் ஒரு ரப்பர் வாஷருக்குள் செருகி வைத்தால் கச்சிதமாக உட்காரும்.

அன்று அந்தக் கிராமத்தில் 675 பேட்டரி இருந்த ஒரே ஸ்தலம் மாமனாரின் காது. அட்டை தீர்ந்துபோய், கடைசிப் பேட்டரியும் அங்கேதான் குடியிருந்தது. அவர் பெருந்தன்மையுடன் கழற்றிக் கொடுத்தார். மீட்டர் என் உத்தேசத்தை ஆமோதித்தது. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, "யாரும் அசையக்கூடாது" என்று அறிவித்து, நான் ஷட்டரை அமுக்கிய அந்தக் கால் வினாடியில் மைத்துனன் என்னைப் பற்றி ஏதோ ஒரு ஹாஸ்யம் சொன்னான். திண்ணை முழுவதும் குலுங்கிச் சிரித்தது. மாமனாருக்கு மட்டும் காது கேட்கவில்லை.

கழுவி வந்த படத்தில், ஆவியுருவில் ஆடும் சுமார் இருபது பந்துக்களின் மத்தியில், சால்வையின் ஜரிகைக் கோடு முதற்கொண்டு துல்லியமாக, சிலைபோல் அமர்ந்திருந்தவர் அவர் ஒருவரே. "கேமரா கோளாறா, பிலிம் கோளாறா?" என்று மைத்துனன் கேட்டான், இரண்டும் கலந்திருக்கலாம் என்றேன். மாமனார் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். அது முதல் புது அட்டை வாங்கும்போதெல்லாம் ஒரு பேட்டரியைப் பிய்த்து எனக்கென்று எடுத்துவைக்கிறார். ரேஷன் கடைக்குப் போகச் சொல்லியோ, தம் அண்ணன் மகளுக்குச் செய்யவேண்டிய சீரைப் பற்றியோ மாமியார் ஏதாவது ஆரம்பித்தால், காதைத் தொட்டுக் காட்டி, "பேட்டரி மாப்பிள்ளை கேமராவில இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டுகிறாராம்.