போகுது, வரமாட்டேங்குது

மூன்று நாளாக அலுவலகக் கணினிக்கு ஒரு மின்னஞ்சலும் வரவில்லை. அனுப்பினால் மட்டும் ஜம்மென்று போகிறது. "போகுதுல்ல சார், அப்ப நெட் நல்லாத்தான் இருக்கு" என்றார் கணக்காளர். இருக்கிறதுதான். ஆனால் அனுப்ப எஸ்.எம்.டி.பி., வாங்க பாப் அல்லது ஐமேப் என்று இரண்டும் தனித்தனி வாசல். சம்பளம் வரும் வழியும் செலவாகும் வழியும் போல. போகிற வழி என்றைக்கு அடைத்திருக்கிறது?

சேவை மையத்துக்குப் போன் போட்டேன். "ரீஸ்டார்ட் பண்ணீங்களா சார்?" பண்ணினேன். "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." அதையும் செய்தேன். சாமி படத்து விளக்கைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துப் போட்டாயிற்று. கடைசியில், "என்ன செய்யணும்னு மெயில் அனுப்புறோம் சார், பார்த்துட்டு பதில் போடுங்க" என்றார். சிரித்தேன். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை.

நானே செட்டிங்ஸைத் திறந்தேன். வாங்கும் வாசலின் எண் 110 என்று கிடந்தது. அது பாப்பின் பழைய, பூட்டில்லாத கதவு. பூட்டுப் போட்ட கதவுக்கு எண் 995. ஐமேப் என்றால் 993. எண்ணை 995 ஆக்கி, எஸ்.எஸ்.எல். கட்டத்தில் ஒரு டிக் அடித்தேன். 412 மின்னஞ்சல்கள் பொலபொலவென்று கொட்டின.

400 பேர் கடன் தருகிறார்களாம். 11 பேர் தள்ளுபடி தருகிறார்களாம். மிச்சம் ஒன்று, சேவை மையத்திலிருந்து: "தங்களிடமிருந்து பதில் வராததால், புகார் தீர்க்கப்பட்டதாகக் கருதி முடித்துவைக்கப்படுகிறது."