சான்றிதழ்ச் சமையலர் இயல்

பாயிரம்

போடிநாயக்கனூரில் எதையும் சலித்துத்தான் விலை வைப்பார்கள். எட்டு எம்.எம். சல்லடையில் நின்ற ஏலக்காய்க்கு ஒரு விலை, ஏழில் நின்றதற்கு வேறு விலை, பச்சை வெளுத்து வாய் பிளந்ததற்கு இன்னொரு விலை. ஸ்பைசஸ் போர்டின் மின்னேலமும் இதை ஒட்டியே நடக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் கேட்டரிங் படிக்கக் கிளம்பும் பிள்ளைகளை மட்டும் சலிக்காமல் விட்டால் ஊர் வழக்கத்துக்கே இழுக்கு. ஆதலால் இந்நூல்.

1. காலத்தால் மூவகை

எட்டு வாரத்தார், மத்திய சுற்றுலா அமைச்சகம் 2009-10இல் தொடங்கிய ‘ஹுனர் சே ரோஸ்கார் தக்’ வழி வந்தவர். ஓராண்டார், ஐ.டி.ஐ.யில் ‘ஃபுட் புரொடக்‌ஷன்’ பிரிவினர். ஒன்றரை ஆண்டார், தேசிய ஓட்டல் மேலாண்மைக் கவுன்சிலின் சமையல் கைத்தொழில் படிப்பினர். பேக்கரியும் கற்றதால் சொந்தக்காரர் வீட்டுப் பிறந்தநாள் எதிலும் தப்ப முடியாதவர்.

2. நோக்கத்தால் நால்வகை

கப்பலார், சேர்ந்த அன்றே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தவர். விடுதியார், போடிமெட்டுக்கு மேலே ஹோம்ஸ்டே போட இடம் பார்த்து வைத்தவர். வாரிசார், கல்யாண சமையல் மாஸ்டரின் மகன். அப்பாவிடம் இல்லாதது சான்றிதழ் ஒன்றுதான், அதை வாங்க வந்தவர். மதிப்பெண்ணார், பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள் தாய்மாமன் யோசனையில் சேர்ந்தவர். பெரும்பான்மை இவரே, விளம்பர நோட்டீசில் இவர் இடம்பெறுவதில்லை.

3. கையால் இருவகை

கத்திப் பாடத்தில் ‘ஜூலியன்’ என்றால் காரட்டை மூன்று எம்.எம். கனத்தில் நீளவாக்கில் நறுக்குவது. அதையே மூன்று எம்.எம். கட்டிகளாக்கினால் ‘புரூன்வா’. ஸ்கேல் தேடுவார் ஒரு வகை. தேடாதார் மற்றொரு வகை. இவர் அம்மா, விடியுமுன் ஜீப்பேறிப் பூப்பாறைப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போகிறவர். இல்லாவிட்டால் குடோனில் முறத்தோடு உட்கார்ந்து ரகம் பிரிக்கிறவர். ஏழுக்கும் எட்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த வீட்டில் கண்ணளவு.

4. புறனடை

பாயச ரெசிபி அட்டையில் சேமியா 100 கிராம், சர்க்கரை 150 கிராம், பால் 1 லிட்டர் என எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. கடைசி வரி மட்டும் ‘ஏலக்காய் 4’. போடிப் பிள்ளை எழுந்து, “எந்த ரகம், சார்?” என்பார்.

இது குறும்பு அன்று. மணம் இருப்பது விதையில், தோலில் அல்ல. எட்டு எம்.எம். காய் நான்கில் உள்ள விதை, ஐந்து எம்.எம். காய் நான்கில் இராது. பிளந்த காயிலோ வாசனை எண்ணெய் டப்பாவிலேயே பறக்கத் தொடங்கியிருக்கும். உரித்த விதை இத்தனை கிராம் என்று எழுதியிருந்தால் கேள்விக்கே இடமில்லை.

“இருக்கிறதப் போடுப்பா” என்பார் ஆசிரியர்.

இக்கேள்வியைக் கேட்டவர் மேற்சொன்ன ஒன்பது வகையிலும் அடங்கார். செய்முறைத் தேர்வுத் தாளில் பாயசத்துக்கு மதிப்பெண் உண்டு, வெள்ளைக் கோட்டுக்கு உண்டு, வெட்டிய நகத்துக்கும் உண்டு. இதற்குக் கட்டம் இல்லை. கட்டம் போடும் வரை இவரை ‘ஒழுக்கம்’ என்ற பத்தியில் குறைத்துக்கொள்வது வழக்கம்.